தீனி டப்பா

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கச் சென்னைக்கு அனுப்பிய கோமாளி மீன் ஒன்று திரும்பி வந்திருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. "கடல் மீன் என்றால் ஆளைக் கண்டு பதுங்க வேண்டாமா? இது தீனி டப்பாவைத் தட்டினால் ஓடி வருகிறது. பண்ணை மீனை ஏன் ஏமாற்றி விற்கிறீர்கள்?" என்று வாங்கியவர் எழுதியிருந்தார்.

பண்ணை மீன் எந்தக் கடையிலும் கிடைக்கும். கடலில் பிறந்ததற்குத்தான் மவுசு. பாம்பனில் தன் புருஷன் லூர்து மூச்சடக்கி முங்கிப் பிடித்தது என்று சொல்லித்தான் ஜெசிந்தா விற்கிறாள். அவர் எங்காவது பண்ணையில் வாங்கி வருகிறாரோ? ஆனால் தினமும் தலை ஈரமாகத்தானே வீட்டுக்கு வருகிறார்.

மறுநாள் காலை தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அவளும் வள்ளத்தில் ஏறினாள். பலகைக்கு அடியில் அவருடைய முகக்கண்ணாடி கிடந்தது. அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

பவளப்பாறைக்கு மேலே வள்ளம் நின்றதும், "முங்குங்க, பாக்குறேன்," என்றாள்.

லூர்து அவள் கையைக் காட்டினார். "அந்த டப்பாவத் தட்டு."

தட்டினாள். அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் திரண்டு மேலே வந்தது. நூறு வாய்கள் அவளை நோக்கித் திறந்து மூடின.

"எல்லாம் மீன்துறைக்காரங்க பண்ணையில குஞ்சு பொரிச்சு இங்க கொண்டாந்து விட்டது. கடல்ல பொறந்ததுக எப்பவோ செத்துப்போச்சு."

"அப்ப நீங்க முங்குறதே இல்லையா?"

"மூணு வருஷமாச்சு."

கைவலையை நீட்டி இரண்டு மீன்களை அள்ளினார். பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடல்நீரை ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.