தட்டி எழுப்பியவர்கள்

தாராபுரம் பஸ் கிளம்புவதற்குள்ளேயே முகிலன் தூங்கிப்போனான். தலை சரிந்து மனைவி அனிதாவின் தோளில் விழுந்தது.

காலையில்தான் விடுதலை. நீதிபதி தீர்ப்பைப் படித்தபோது, கூண்டில் நின்றவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

சாயப்பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் தரணி செத்துக் கிடந்த வழக்கு. அதற்கு முந்தின சாயங்காலம் பட்டறையில் எல்லோரும் பார்க்க முகிலனுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு.

ஸ்டேஷனில் முகிலனை யாரும் அடிக்கவில்லை. பெஞ்சில் கைகட்டி நிமிர்ந்து உட்காரவைத்து, கண் சொருகும்போதெல்லாம் தட்டி எழுப்பினார்கள். ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டதையே கேட்டார்கள்.

கடைசியில் மாஜிஸ்திரேட் முன்னால், தான்தான் தள்ளிவிட்டதாகச் சொல்லிவிட்டான்.

முகிலன் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

வக்கீல் கவிப்பிரியா ஸ்டேஷன் கேமராப் பதிவை வரவழைத்துப் போட்டுக் காட்டினாள். கூடவே, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இத்தாலிக்காரரையும் கோர்ட்டுக்குள் இழுத்துவந்தாள்.

இப்போலித்தோ மார்சிலி. போலோனா நகரத்தில் சட்டம் கற்பித்தவர். குற்ற விசாரணை பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். ரத்தம் சிந்தாமல் ஒருவனைப் பேசவைக்க, அவனைத் தூங்க விடாமல் வைத்திருந்தாலே போதும் என்றார். பார்வைக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும், தாங்குகிறவர்தான் அரிது. அவருக்குப் பின் வந்த நீதிபதிகளும் அவர் எழுத்தைப் புரட்டிப் பார்த்தார்கள்.

"அந்தாளு இப்படிப் பண்ணுங்கன்னு சொல்லிக்குடுக்க எழுதுனதுங்க அக்கா. அதை வெச்சே நாம வெளிய வந்துட்டோம்."

கோர்ட்டுப் படியிறங்கும்போது கவிப்பிரியா அப்படிச் சொன்னாள். நல்ல பெண். முகமெல்லாம் சிரிப்பு.

அப்படியானால் முகிலன் ஒத்துக்கொண்டது பொய்தானா என்று அனிதா கேட்டாள்.

கவிப்பிரியாவின் சிரிப்பு குறைந்தது. அப்படி வாங்கிய வாக்குமூலம் செல்லாது, அதைத்தான் கோர்ட் சொல்லியிருக்கிறது, அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை என்றாள்.

பஸ் குண்டடத்தைத் தாண்டியது. மானாவாரிக் காடுகளுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

போலீஸ் கேட்டாயிற்று. மாஜிஸ்திரேட் கேட்டாயிற்று. அனிதா மட்டும் அவனிடம் கேட்கவில்லை. ஜெயிலுக்குப் போன ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டீர்களா என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பஸ் மாறி மூலனூரில் இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே சுவரில் தரணியின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது.

தரணி அவளுடைய ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

அந்த வாசலில் இந்த மனுசனோடு போய் நிற்பதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

தோளை மெல்ல அசைத்தாள். அவன் எழவில்லை. கன்னத்தில் தட்டினாள்.

"ஏனுங்க..."

கேள்வி இன்னும் அவள் வாயை விட்டு வரவில்லை. முகிலன் விசுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தான்.

"ஆமாங்க," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் ஒருமுறைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை.