செல்லத்தின் தலைப் பூ

செல்லம் இன்றைக்கும் பூ வைத்திருந்தாள்.

மல்லிகைச் சரம் இரண்டாய் மடித்து, நடுவில் ஒரு சிவப்பு ரோஜா. சந்தை வாசலில் கூடையை இறக்கும்போதே கிருஷ்ணம்மாவின் கண்ணில் அதுதான் பட்டது. வாய்க்கு வந்ததை வெற்றிலையோடு சேர்த்துத் துப்பினாள்.

இருவருக்கும் மலாயாவின் தெப்ராவில் அடுத்தடுத்த கொல்லை. அதே செம்மண், அதே கிணற்றுத் தண்ணீர். விடியுமுன் அறுத்த பூவை ஈரச் சாக்கில் சுற்றி, ஒரே மாட்டுவண்டியில்தான் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவருவார்கள். இறங்கியதும் சாலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

கிருஷ்ணம்மாவின் மண்ணெண்ணெய்த் தகரங்களில் இருப்பதெல்லாம் நீளக் காம்போடு அறுத்த பூ. சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை. துரை பங்களாச் சமையற்காரர்கள் மேசைச் சாடிக்கு வாங்குவார்கள். சீனர்கள் கல்லறைக்கு வாங்குவார்கள்.

தலைக்குப் பூ வேண்டுமென்று ஒரு தமிழ்ப் பெண் இந்தப் பக்கம் வரமாட்டாள். தாலி இழந்தவள் கையால் யார் வாங்குவார்கள்? தன் புருஷன் செத்த மாதமே கிருஷ்ணம்மா மல்லிகைச் செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

செல்லத்தின் புருஷன் அய்யாவு மட்டும் வீட்டிலா இருக்கிறான்? கோத்தா திங்கிக்கு அப்பால் காட்டில் மரம் வெட்டப் போனவன். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சேதியும் இல்லை.

இரண்டு வீட்டிலும் ஆண் குரல் கிடையாது. ஒரு தலையில் மட்டும் பூ.

எதிர்ப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சரம் வாங்க வந்த வெள்ளையம்மா செல்லத்தைச் சீண்டிக்கொண்டிருந்தாள். “புருஷன் ஊர்ல இல்லாதப்பவே இந்தச் சிங்காரமா? வந்துட்டா தோட்டமே தலையில ஏறிடும் போலிருக்கே!”

“வர்ற நேரத்துல வெறுந்தலையா நிக்கச் சொல்றீங்களாக்கா?”

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கிருஷ்ணம்மா சம்பங்கிக் காம்பு ஒன்றை வேண்டியதற்கு மேலே வெட்டிவிட்டாள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். வெயிலில் கறுத்த முகம், கையில் சுருட்டிப் பிடித்த அகலமான பச்சை இடுப்புவார். நேரே செல்லத்திடம் போய்க் குனிந்து, தணிந்த குரலில் ஏதோ கேட்டான். நடுவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனதால் இங்கே ஒன்றும் கேட்கவில்லை. லாரி நகர்ந்தபோது செல்லம் கையை நீட்டி இந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தாள்.

தனக்கு மிஞ்சின வாடிக்கையை எனக்குத் தள்ளிவிடுகிறாளாக்கும்! பிச்சை போடுகிற அளவுக்கு ஆகிவிட்டாளா?

அவன் சாலையைக் கடந்து வந்தான். பூவைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாவின் வெறும் நெற்றியையும் வெள்ளைச் சேலையையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

“சேதி முந்திக்கிட்டுதுங்களா அண்ணி? நான் வீரமுத்து. அய்யாவு அண்ணனோட ஒரே கொட்டாயில கெடந்தவன். பூ விக்கிற அவர் சம்சாரம் யாருன்னு கேட்டேன், அந்தம்மா உங்களைக் கைகாட்டுனாங்க.” வாரை நீட்டினான். “அண்ணன் கட்டியிருந்த வாருங்க. ஆத்து வெள்ளம் அவரை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம். எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் தவிச்சிக்கிட்டே வந்தேன். உங்களுக்குத்தான் முன்னமே தெரிஞ்சிருக்கே.”

கிருஷ்ணம்மா கையிலிருந்த சம்பங்கியைத் தகரத்தில் போட்டாள்.

நான் அவளில்லை, அதோ அவள்தான் என்று சொன்னால் போதும். அந்த மல்லிகை, அந்த ரோஜா, நெற்றிப் பொட்டு, சுற்றி நிற்கிற பெண்கள், எல்லாம் இன்றைக்கே போய்விடும். நாளையிலிருந்து அவளும் காம்புப் பூதான் விற்க வேண்டும். இப்படியொரு நாளைக் கிருஷ்ணம்மா மனசுக்குள் எத்தனை தரம் வேண்டியிருக்கிறாள்!

நிமிர்ந்து எதிர்ப் பக்கம் பார்த்தாள்.

செல்லம் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் விறுவிறுவென்று சரம் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு மேல் முடிச்சாக வாழைநார் அவள் மடியில் நீண்டுகொண்டே போனது.

ஒரு முடிச்சிலும் பூ இல்லை.

கிருஷ்ணம்மா வாரை வாங்கி, ஈரச் சாக்குக்கு அடியில் செருகினாள். அந்த ரோஜாவைப் பார்க்க இன்னமும் வயிறு எரிந்தது.

“ஆமா தம்பி,” என்றாள். “எனக்கு அப்பவே சேதி வந்திடுச்சு.”