இன்னும் நிறுவவில்லை

பிலோமினாவின் மகள் ஆக்னஸ் விட்டுப்போன மடிக்கணினி கடவுச்சொல் கேட்டது. அதைச் சொல்ல ஆக்னஸ் உயிரோடு இல்லை. பழுது பார்ப்பவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்.

"இதுல லினக்ஸ்னு வேற சிஸ்டம் இருக்குக்கா, பாஸ்வேர்ட் இல்லாமலே இதுலேர்ந்தே ஓடும். செருகி ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா 'நிறுவு'ன்னு அமுக்குங்க. பாப்பா வச்சிருந்ததெல்லாம் அழிஞ்சிடும், ஆனா மெஷின் புதுசாயிடும். நிறுவாத வரைக்கும் நீங்க எழுதுறது எதுவும் தங்காது, அணைச்சா போயிடும்."

எட்டு மாதம் கழித்துக் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது அவர், "பிடிச்சிருக்காக்கா?" என்றார்.

"இன்னும் ஓட்டிப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் தம்பி."

வீட்டுக்கு வந்ததும் பென்டிரைவைச் செருகி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். தினமும் எழுதும் முதல் வரியையே அன்றும் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள்:

'நேத்து சொன்னதெல்லாம் அழிஞ்சுபோச்சு கண்ணு. முதல்லேர்ந்து சொல்றேன், கேளு.'