நாற்பதாயிரத்துக்கு ஹீட் பம்ப்

சொன்ன விலைக்கு எதையும் வாங்காதவள் என்று குன்னூர் மார்க்கெட் முழுக்கப் பேரெடுத்தவள் குளோரி. அன்று விலை குறைந்ததுதான் அவளை உறுத்தியது.

குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்புக்கு எதிர்வீட்டில் ஆறு லட்சம் கொடுத்திருந்தார்கள். அதே மெஷினுக்கு, கம்பெனிக்காரன் நீட்டிய, உடம்பைப் படித்து விலை சொல்லும் பலகையில் அவள் புருஷன் அருள்தாஸ் கை வைத்ததும், நாற்பதாயிரம் என்று வந்தது.

"பழசுக்குப் பெயின்ட் அடிச்சுத் தள்ளிவிடறீங்களா?"

"புதுசுதாம்மா. சீல்கூடப் பிரிக்கல."

பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சீல் அப்படியே இருந்தது.

"அப்புறம் சர்வீசுக்குன்னு வந்து பணம் பிடுங்குவீங்க."

"ஒரு பைசா வாங்க மாட்டோம்மா. வாங்குறவர் இருக்கிற வரைக்கும் சர்வீஸ் எங்க பொறுப்பு. அதுக்கும் சேர்த்துத்தான் விலை வரும்."

"எங்க, என் பேர்ல போடுங்க பார்ப்போம்."

அவள் கை வைத்தாள். ஐந்து லட்சத்து எண்பதாயிரம்.

அருள்தாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "என் கை ராசியான கைடி. என் பேர்லயே எடுத்துடு." காலையில்தான் மேட்டுக் கடைவரை ஏறிப் போய்ப் பால் வாங்கி வந்திருந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

குளோரி கம்பெனிக்காரனைப் பார்த்தாள். அவன் சட்டென்று பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனை வாசலுக்குக் கூட்டிப்போய், உள்ளே கேட்காத குரலில் பேரத்தைத் தொடங்கினாள்.

"தம்பி, நாற்பதாயிரம் ரொம்பக் கம்மி. ரெண்டு லட்சமாவது வர்ற மாதிரி கொஞ்சம் ஏத்திப் போடுங்க."