குளிர் அறையில் குத்துவிளக்கு

அவளுக்குத்தான் முதலில் வியர்த்தது.

கையில் ஆரத்தித் தட்டு. கழுத்தோரம் ஈரம். இந்த அறையில் யாருக்கும் வியர்க்கக் கூடாது.

ஏசி ஓடவில்லை.

விழா ஏற்பாட்டைப் பார்க்கும் நிர்வாக அதிகாரி வரதராஜன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெரிய காரியத்தை முடித்த முகம்.

"காத்துல விளக்கு நிக்க மாட்டேங்குது மேடம். அதான் நிறுத்திட்டேன். மந்திரி போனதும் போட்டுக்கலாம்."

அடப்பாவி மனுஷா.

விளக்கு நின்று எரிய வேண்டுமாம். அதற்காக சூப்பர் கம்ப்யூட்டரை வேகவைக்கிறார்கள்.

வெளிநாட்டுக்காரன் விற்க மாட்டேன் என்று முகத்திலடித்தாற்போலச் சொன்ன சாமான். நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். சின்னச் சின்னக் கணினிகளை அடுக்கி, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யும்படி கோத்தார்கள். கோத்தது அவள். ஒன்று சூடேறிப் படுத்தால் மொத்தமும் படுத்துவிடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். மந்திரியைக் கண்டதும் மறந்துபோயிற்று.

உள்ளே பருவமழைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மந்திரியின் கண்ணெதிரே விடை வர வேண்டும். வராவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவோம் என்று டில்லியில் சொல்லியாயிற்று.

இயக்குநர் தேசிகன் மந்திரிக்கு முன்னால் வளைந்து நெளிந்துகொண்டிருந்தார். அவளிடம் வேலை பழகிய செல்வின், கோட்டு மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். குழுவில் அவள் ஒருத்திதான் பெண். அதனால் தட்டு.

"லட்சணமா இருக்கும்மா" என்று தேசிகன் சொன்னபோதே பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டி வந்தாள்.

திரையில் வெப்ப அளவு ஏறியது. செல்வின் அதைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். கோட்டைச் சரிசெய்துகொண்டான்.

மந்திரி மெழுகுவர்த்தியால் திரிகளை ஏற்றினார்.

"இன்னொரு தடவை சார்" என்றார் போட்டோக்காரர்.

இன்னொரு தடவையாம்.

நல்ல காரியத்தில் விளக்கு அணையக் கூடாது. அவளும் அப்படி வளர்ந்தவள்தான். வீட்டு விளக்கை வாயால் ஊத மாட்டாள், பூவால்தான் அமர்த்துவாள். இங்கே அணைந்தால் யார் தலை உருளும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

உருளட்டும்.

தட்டைத் தரையில் வைத்தாள். வரதராஜனைத் தோளால் ஒதுக்கினாள். சுவிட்சைத் தட்டினாள்.

குளிர்காற்று குபீரென்று இறங்கியது. ஐந்து சுடரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

அணைந்தன.

மந்திரி கையிலிருந்த மெழுகுவர்த்தியும் போயிற்று.

தேசிகனின் முகம் கறுத்தது. யாரோ அபசகுனம் என்று முனகினார்கள்.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறிய சூடு நின்றது. மெல்ல இறங்கியது.

விடை வந்தது. வரிவரியாக, முழுசாக.

மந்திரிதான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோருக்கும் கை வந்தது. தேசிகனுக்கு மாலை விழுந்தது. செல்வினுக்குச் சால்வை.

அவள் சுவிட்சை விட்டு நகரவில்லை.

வரதராஜன் பக்கத்தில் வந்தார். கையில் தீப்பெட்டி.

"ஒரே நிமிஷம் ஏசியை நிறுத்துங்க மேடம். விளக்கு எரியிற மாதிரி பேப்பருக்கு ஒரு போட்டோ வேணுமாம்."

"கொடுங்க சார். நான் பாத்துக்கறேன்."

கொடுத்தார்.

அவள் தீப்பெட்டியை வாங்கி இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள்.