தேகத் தீவுக்கு மூன்று பேர் தேவை

"ஏழு தலைதான் சார் தேறுது. பத்து பேர் இருந்தாத்தான் படம் ஓட்டுவோம். இல்லாட்டி டிக்கெட் காசை வாங்கிக்கினு கெளம்பு," என்றார் சம்பந்தம்.

தாம்பரத்தின் அந்தப் பழைய தியேட்டரில் டிக்கெட் கிழிப்பது, டார்ச் அடிப்பது, இடைவேளையில் முறுக்கு விற்பது எல்லாமே அவர்தான்.

சுகுமார் அங்கிருந்து நகரவில்லை. 'தேகத் தீவு' படத்துக்கு இந்தப் பகல் காட்சிதான் கடைசி. நாளை வேறு படம். மேடவாக்கத்தில் முதல் வாரமே தூக்கிவிட்டார்கள். இதை விட்டால் வேறு தியேட்டர் இல்லை.

"மிச்ச மூணு டிக்கெட்டையும் நானே எடுத்துக்கறேன்ணா."

"அதெல்லாம் ஆவாது. போன மாசம் ஒருத்தன் இப்டித்தான் மொத்தமா வாங்கினான். உள்ள போய்ப் பாத்தா ஒரே ஒரு ஜோடி. போலீசு வரைக்கும் போயி மொதலாளிக்கு ஒரே பேஜாரு. சீட்ல ஆள் குந்தியிருக்கணும்." சம்பந்தம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீ டெய்லி வர்ற. ஹீரோயின் மேல அவ்ளோ இதுவா?"

"அந்தம்மாவா? அழுதாலும் சிரிச்சாலும் ஒரே முகம். சிக்னல்ல நிக்கிற தண்ணி லாரி அதைவிட நல்லா நடிக்கும்."

"அப்ப ஹீரோ?"

"கப்பல் கவிழ்ந்து தீவுல ஒதுங்கி ஒரு மாசம் ஆகுது. தாடி மட்டும் காலைலதான் பார்லர்ல திருத்தின மாதிரி இருக்கு."

"கதை?"

"அது கப்பலோட முழுகிடுச்சு."

இந்தப் படத்துக்காக இரண்டு மாதம் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பேனர் கட்டியிருந்தார்கள். 'வயது வந்தவர்களின் காதல் காவியம்' என்று கொட்டை எழுத்து. முதல் நாள் முண்டியடித்து உள்ளே போன வயது வந்தவர்கள், வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம் வயதாகி வந்தார்கள்.

"பின்ன இன்னாத்துக்கு வர்ற? இன்னும் ரெண்டு வாரத்துல போன்லயே வந்துடும். வூட்ல படுத்துக்கினு பாக்க வேண்டியதுதானே?"

"அதுல மாத்திட்டாங்களாம்ணா. இந்த மாதிரி இருக்காதாம்."

"ஓ..." சம்பந்தம் கண்ணைச் சிமிட்டினார். "அந்த சீனை வெட்டிட்டானா? அதுக்குத்தான் இந்தத் துடி துடிக்கிறியா? போ, மூணு பேரைப் புடிச்சினு வா. கால் மணி நேரம் டைம்."

சுகுமார் ரோட்டுக்கு வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் போஸ்டரைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

"படம் எப்படிண்ணா?" என்றான் இளைஞன்.

சூப்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. "கேவலம்," என்றான். "கூட்டமே இல்லை."

"கூட்டமே இல்லையாம்டா," என்றாள் அந்தப் பெண். இருவரும் ஏறக்குறைய ஓடிப்போய் டிக்கெட் எடுத்தார்கள்.

இன்னும் ஒருவர். ஜூஸ் கடை நிழலில் கனத்த பையோடு ஒரு மருந்துக் கம்பெனி ரெப், டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார்.

"சார், படம் பாக்க வர்றீங்களா?"

"இந்தப் படமா? என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா."

"ஏசி இருக்கு சார். முதல் பாதி முழுக்கக் கடலைத்தான் காட்டுவாங்க. நல்லாத் தூங்கலாம்."

"நடுவுல முழிப்பு வராதே?"

"முழிக்கிற மாதிரி படத்துல ஒண்ணும் இல்ல சார்."

ரெப் பையைத் தூக்கிக்கொண்டார்.

பத்து பேர் ஆனார்கள். மணி அடித்தது. சுகுமார் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

கப்பல் கவிழ்ந்தது. கதாநாயகியின் லிப்ஸ்டிக் கலையவில்லை. ரெப்பின் குறட்டை கடல் அலையோடு சரியாகச் சேர்ந்துகொண்டது. மூலையில் இருந்த ஜோடி திரைப் பக்கமே திரும்பவில்லை. இடைவேளை முடிந்து, ஊரே பேசிய அந்தக் காட்சி வந்தது. நிலா, மணல், ஈரப் புடவை. முன் வரிசையில் ஒருவன் விசிலடித்தான். கதாநாயகி கதாநாயகனின் காதருகே குனிந்து, "தூங்கிட்டியா? தூங்காதே. இன்னும் கொஞ்ச நேரம் பேசிட்டு இருக்கலாம்," என்றாள்.

சுகுமார் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அவன் முகத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. "யோவ்," என்று கிசுகிசுத்தார் சம்பந்தம். "இந்த சீனுக்குத்தானே ரோட்ல போறவனையெல்லாம் புட்ச்சாந்த? இப்பப் பாத்துக் கண்ணை மூடிக்கினு கீற?"

"கேக்க விடுங்கண்ணா."

"இன்னாத்த கேக்கற?"

"அந்தப் பொண்ணுக்குத் தமிழே தெரியாது. அதுக்குக் குரல் குடுத்திருக்கிறது என் வொய்ஃப். டப்பிங் ஆர்ட்டிஸ்ட். போன்ல வரப்போறதுல ஹீரோயினே தமிழ் கத்துக்கிட்டு சொந்தக் குரல்ல பேசிட்டாங்களாம்."

சம்பந்தம் டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்தார். "அட லூசு! இதுக்கா இத்தினி அலைச்சல்? வூட்டுக்குப் போயி, 'அந்த டயலாக்கை ஒரு தபா சொல்லும்மா'ன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"தினமும் கேக்கறேன்ணா," என்றான் சுகுமார், கண்ணைத் திறக்காமல். "அவ போட்டோவுக்கு மாலை போட்டதுலேர்ந்து பேசவே மாட்டேங்கறா."