ஜின்சி டீச்சர் மீது ஒரு புகார்

"யாரோ உங்க மேல புகார் குடுத்திருக்கான் டீச்சர். ஆன்லைன்ல. விசாரிக்க ஆபீசர் வந்துட்டிருக்காரு" என்றார் தலைமையாசிரியர் முத்துநாயகம்.

தமிழாசிரியை ஜின்சி கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள். "வரட்டும் சார்."

"வரட்டுமா? வலைப்பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு நான் அப்பமே சொன்னேம்லா. புஸ்தகத்துல உள்ளத நடத்தினா போராதா?"

ஒன்பதாம் வகுப்புக்காக ஜின்சி தொடங்கிய வலைப்பூ அது. கட்டுரையை நோட்டில் எழுதினால் டீச்சர் மட்டும்தான் படிப்பாள். அங்கே எழுதினால் வகுப்பே படிக்கும். கீழே கேள்வி கேட்கும், பிழை திருத்தும், சண்டை போடும்.

முதலில் தோவாளைப் பூச்சந்தை, கோயில் கொடைத் திருவிழா, வயலில் இறங்கிய நாரைகள் என்றுதான் எழுதினார்கள். முத்துநாயகமே ஒரு பதிவின் கீழ் 'நல்லாருக்கு மக்கா' என்று பின்னூட்டம் போட்டிருக்கிறார்.

அப்புறம்தான் மாணவி பிரீனா எழுதினாள், 'நாங்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை' என்று. பெண் பிள்ளைகளுக்குக் கட்டிய புதுக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. திறப்பு விழா முடிந்த கையோடு பூட்டியாயிற்று. அதனால் வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பிப் போகும்வரை அவர்கள் வாயில் தண்ணீர் படாது. அடக்க முடியாதவர்கள் ரோட்டைத் தாண்டிப் போய் யார் வீட்டிலாவது கெஞ்சி நிற்பார்கள்.

பூட்டின் படத்தையும் போட்டிருந்தாள். கீழே மற்ற பெண்களும் எழுதத் தொடங்கினார்கள். 'மாதத்தில் அந்த நாட்களில் நான் பள்ளிக்கே வருவதில்லை' என்றிருந்தாள் ஒருத்தி.

தண்ணீர் இணைப்பு கேட்டு ஜின்சி எழுதி, முத்துநாயகம் கையெழுத்துப் போட்ட மனுக்கள் மூன்று முறை போயிருந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை. நம்மால் ஆனது அவ்வளவுதான் என்று அவர் விட்டுவிட்டார். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. அதற்குள் எந்த வம்பும் வந்துவிடக் கூடாது.

கணினித் திரையில் புகாரை மறுபடியும் படித்தார். 'ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை, பள்ளியின் குறைகளை மாணவிகளைக் கொண்டு இணையத்தில் எழுத வைக்கிறார். உடனே நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.' பெயர் இல்லை. ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை. நன்றாகப் படித்த எவனோ பார்த்த வேலை என்று அவருக்குத் தோன்றியது.

கல்வித்துறை அதிகாரி சத்தியராஜ் வந்து உட்காரக்கூட இல்லை. செல்போனில் பிரீனாவின் பதிவைத் திறந்து நீட்டினார். "இதை இப்பவே டெலிட் பண்ணுங்க."

"மாட்டேன் சார்" என்றாள் ஜின்சி.

முத்துநாயகம் அவசரமாக அதிகாரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேடம், யார்கிட்ட பேசுறோம்னு தெரியுதா?"

"தெரியுது சார். எழுதினது பிள்ளைகளாக்கும். பொய்யா இருந்தா நீங்களும் கீழ கமெண்ட் போடுங்க, அவங்களே பதில் சொல்லுவாங்க. உண்மைய அழிச்சிட்டு, நாளைக்கு வகுப்புல நான் என்னத்தைச் சொல்லிக் குடுப்பேன்?"

"மெமோ குடுத்தா இந்த வாய் பேசாது."

"குடுங்க சார். பிள்ளைக அதையும் எழுதுவாங்க."

அப்போது இடைவேளை மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே பெண் பிள்ளைகள் கூட்டமாகக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினார்கள். கல் ஏற்றி வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

சத்தியராஜ் திடுக்கிட்டு ஜன்னலருகே போனார். "எங்க ஓடுறாங்க இவங்க?"

விசாரணைக்காக வாசலில் நிறுத்தி வைத்திருந்த பிரீனாதான் சொன்னாள். "ஒண்ணுக்குப் போக சார். அந்த வீட்டம்மா நாயை அவுத்து விடதுக்கு முன்ன போயிட்டு வந்துரணும்."

சத்தியராஜ் சாவியை வாங்கிக்கொண்டு புதுக் கட்டடத்துக்கு நடந்தார். பூட்டு துருவேறிக் கிடந்தது. பாடுபட்டுத் திறந்தார். ஒரு குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை. எல்லாக் குழாயையும் திருகிப் பார்த்துவிட்டு, சுவரில் பளபளத்த திறப்பு விழாக் கல்வெட்டின் முன்னால் சற்று நேரம் நின்றார்.

பிறகு போனில் யாரையோ பிடித்தார். "சாக்கெல்லாம் வேண்டாம். இந்த வாரத்துக்குள்ள லைன் குடுத்தாகணும். அதுவரைக்கும் தினம் லாரியில தண்ணி வரணும். நாளைக்கு நானே வந்து பார்ப்பேன்."

ஜீப்பில் ஏறும் முன் ஜின்சியைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது. "இந்தப் புகாருக்கு நான் என்ன பதில் எழுத?"

"உண்மைதான்னு எழுதுங்க சார். எழுத வச்சது நான்தான்."

பதிவை அழிக்கச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை.

ஜீப் போனதும் முத்துநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜின்சியை நேருக்கு நேர் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. "இனி எவன் வந்து அதை எடுக்கச் சொன்னாலும் நான் பேசிக்கிடுதேன் டீச்சர். நீங்க நடத்துங்க."

அத்தோடு அவருக்கு ஆறவில்லை. "ஆனா பாருங்க, தண்ணி கேட்டு மூணு மனு போட்டோம், ஒரு ஆளு எட்டிப் பாக்கல்ல. உங்கள மாட்டிவிட எவனோ நாலு வரி எழுதினா உடனே ஜீப்பு வருது! அந்தப் பய மட்டும் எங் கையில கிடைச்சாம்னா..."

ஜின்சி சிரித்தாள்.

"பய இல்ல சார். நானாக்கும்."